ஆட்டம் வேறு, ஆபத்து வேறு: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களுள் ஐந்து, வெவ்வேறு இடங்களிலிருந்து வெவ்வேறு தேவைகளுக்காக எழுதப்பட்டவையாயினும், ஒரே பொருளைத்தான் கேட்கின்றன: ஒரு தொகுதியின் இடமாற்றுச் சார்பில் உள்ள முனைவுகளுக்கும் அத்தொகுதி ஆடுவதற்கும் என்ன உறவு? ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். விரிவுரைகளில் ‘எஸ்’ என்று எழுதப்படும் மாறியை இங்கே ‘ச’ என்றும், வர்க்கித்தால் −1 தரும் கற்பனை அலகை ‘க’ என்றும் குறித்திருக்கிறேன்.

கேள்வி (உப்புவெளி, பொறியியல் மாணவி): முனைவுகள் சிக்கலெண்களாக இருந்தால் தொகுதி அலையும் என்று படித்தேன், பரீட்சையிலும் அப்படியே எழுதினேன். ஆனால், இல்லாத ஓர் எண் எப்படி உண்மையான ஓர் ஆட்டத்தை உண்டாக்குகிறது என்பது இன்னும் விளங்கவில்லை.

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. ‘கற்பனை’ என்ற பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். இடமாற்றுச் சார்பு என்பது, ஒரு தொகுதிக்குள் போகும் உள்ளீடு எப்படி வெளியீடாக மாறுகிறது என்பதைச் சொல்லும் ஒரு பின்னம். அதன் பகுதியெண்ணைப் பூச்சியமாக்கும் ‘ச’ பெறுமானங்களே முனைவுகள். வெளியிலிருந்து எவரும் தள்ளாமல், தொகுதியைத் தன்பாட்டில் விட்டால் அது எந்த வடிவத்தில் இயங்கும் என்பதை அந்தப் பெறுமானங்கள் சொல்கின்றன. ஒவ்வொரு முனைவுக்கும் ஓர் அடுக்குக்குறிச் சார்பு உண்டு. முனைவு −2 ஆனால், ஒவ்வொரு கணமும் தன் அளவின் இரு மடங்கு வேகத்தில் தேய்ந்துகொண்டே போகும் ஓர் இயக்கம் அது.

ஒரு விற்சுருளில் 1 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டு, அந்த எடையை எண்ணெயில் அமிழ்த்தியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விற்சுருளின் மாறிலி மீற்றருக்கு 10 நியூட்டன். எண்ணெய் தடிப்பானதாக இருந்து, தணிப்புக் குணகம் 7 ஆனால், பகுதியெண் ச² + 7ச + 10; முனைவுகள் −2, −5. எடையை இழுத்துவிட்டால் அது சோர்ந்தவர் நாற்காலியில் அமர்வதுபோல மெல்லத் தன் இடத்துக்கு வந்து நின்றுவிடும். இப்போது எண்ணெயை மட்டும் மாற்றி, தணிப்பை 2 ஆக்குங்கள். கோவை ச² + 2ச + 10 ஆகிறது. முனைவுகள் −1 ± 3க. எடையும் அதேதான், விற்சுருளும் அதேதான்; ஆனால் இம்முறை எடை தன் இடத்தைத் தாண்டிப்போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டும். இணைந்த கணிதத்தில் நீங்கள் எத்தனையோ தடவை கணித்த பிரித்துக்காட்டி மறையாக மாறியதன் பௌதிகப் பொருள் இவ்வளவுதான்: தணிப்பு, திரும்பிவரும் வேகத்தை முழுவதுமாக விழுங்கப் போதவில்லை.

இனி, கற்பனைப் பகுதி ஏன் ஆட்டமாகிறது என்பதற்கு வருவோம். ஓர் எண்ணைக் ‘க’வினால் பெருக்கினால் அதன் அளவு மாறாது; மெய்ப்பகுதியைக் கிடையாகவும் கற்பனைப் பகுதியை நிலைக்குத்தாகவும் குறிக்கும் தளத்தில் அது 90 பாகை திரும்பும். முனைவு 3க ஆக இருக்கும்போது, இயங்கும் புள்ளியின் வேகம் எக்கணத்திலும் அதன் நிலைக்குச் செங்குத்தாக இருக்கிறது. நிலைக்குச் செங்குத்தாக மட்டுமே நகரும் ஒரு புள்ளியால் அருகே வரவும் இயலாது, விலகிப்போகவும் இயலாது. வட்டமாகச் சுற்றத்தான் முடியும். செக்கனுக்கு 3 ஆரையன் வேகத்தில் அது சுற்றுகிறது. அதன் இணை முனைவான −3க, அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுற்றுகிறது. இரண்டையும் கூட்டும்போது கற்பனைப் பகுதிகள் எப்போதும் ஒன்றையொன்று அழித்துவிட, எஞ்சுவது மெய்யச்சின்மேல் அங்குமிங்கும் போய்வரும் ஓர் அலைவு மட்டுமே. கவிழ்த்து வைத்த சைக்கிளின் சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டிச் சுற்றிவிட்டு, சக்கரத்தின் விளிம்புப் பக்கமாக மாலை வெயில் விழும்படி வைத்து, துணியின் நிழலைச் சுவரில் பாருங்கள். சக்கரம் சுற்றுகிறது, நிழல் மேலும் கீழும் ஆடுகிறது. நாம் அளப்பது நிழலை. கணிதம் எழுதுவது சக்கரத்தை.

−1 ± 3க என்னும் முனைவில் மெய்ப்பகுதியான −1, அந்தச் சக்கரத்தின் ஆரையைச் சுருக்கிக்கொண்டு வருகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 செக்கன் ஆகிறது; அதற்குள் வீச்சம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே ஒரு முனைவிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். அடங்குமா, வளருமா என்பதற்கு மெய்ப்பகுதி விடை சொல்லும்; ஆடுமா, ஆடினால் எந்த மீடிறனில் என்பதற்குக் கற்பனைப் பகுதி விடை சொல்லும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் மாணவர்களின் விடைத்தாள்களில் நான் அதிகம் கண்ட பிழை. ‘ஆடுகிறது, ஆகவே உறுதியற்றது’ என்று எழுதுவதும், ‘ஆடவில்லை, ஆகவே பாதுகாப்பானது’ என்று எழுதுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டாவது முகம் எவ்வளவு பொல்லாதது என்பதைக் கீழே வரும் கொட்பேக் கடிதத்தில் காணலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சக்தியைச் சேமிக்க ஒரே ஓர் இடம் உள்ள தொகுதி தானாக அலையாது. ஒரு கொள்ளளவியும் ஒரு தடையியும் உள்ள சுற்றில், சேமித்த சக்தி வெப்பமாக வடிந்துபோகலாமே தவிர, வேறெங்கும் போய்த் திரும்பிவர வழியில்லை. விற்சுருளும் எடையும் சேர்ந்தால், இழுவையில் இருந்த சக்தி வேகமாக மாறி, வேகம் மறுபடியும் இழுவையாக மாறும். இரு இடங்களுக்கிடையே நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் சிக்கலெண் சோடி குறிக்கிறது.

கேள்வி (நிலாவெளி): என் கணினி மாதிரியில் இரண்டு முனைவுகளும் மெய்யெண்கள். ஆயினும் வெளியீடு இலக்கை மூன்றில் ஒரு பங்கு தாண்டிப் போகிறது. முனைவுகள் பொய் சொல்கின்றனவா?

பதில்: இல்லை. நீங்கள் பகுதியெண்ணை மட்டும் பார்த்திருக்கிறீர்கள், தொகுதியெண்ணையும் பாருங்கள். உங்கள் கடிதத்தில் இருந்த சார்பின் தொகுதியெண் 2(2ச + 1), பகுதியெண் (ச + 1)(ச + 2). தொகுதியெண்ணைப் பூச்சியமாக்கும் −½ என்ற பெறுமானம், இரு முனைவுகளையும்விட உற்பத்திக்கு, அதாவது தளத்தின் பூச்சியப் புள்ளிக்கு, அருகில் இருக்கிறது. உள்ளீட்டின் மாற்ற வேகத்தையும் சேர்த்தே அது வெளியீட்டுக்குள் தள்ளுவதால், தொடக்கத்தில் வெளியீடு அளவுக்கு மீறி எகிறுகிறது. உள்ளீடு திடீரென 1 ஆகும்போது, வெளியீடு சுமார் 1.1 செக்கனில் 1.33ஐத் தொட்டு, பிறகு மெல்ல 1ஐ நோக்கி இறங்குகிறது. இறங்கும்போது 1க்குக் கீழே அது ஒருபோதும் போவதில்லை. ஒருமுறை தாண்டுவதை அலைவு என்று சொல்லலாகாது; திரும்பத் திரும்பக் கடந்தால்தான் அது அலைவு. முனைவுகள் எந்த வடிவங்கள் உண்டு என்று சொல்கின்றன. அவற்றை எந்த அளவில் கலப்பது என்பதைத் தொகுதியெண் சொல்கிறது.

கேள்வி (கொட்பே, படகு உரிமையாளர்): எங்கள் பலநாட் படகில், சுக்கான் பிடிக்கும் அறையின் கூரைமேல் இரண்டு தண்ணீர்த் தாங்கிகளைப் பொருத்தினோம். முன்பு வெடுக்கு வெடுக்கென்று ஆடிய படகு இப்போது தொட்டில்போல ஆறுதலாக ஆடுகிறது. தம்பிமாருக்கு இது நல்ல சுகமாக இருக்கிறதாம். மகன் மட்டும், கணிதப்படி இது கூடாது என்கிறான். யார் சொல்வது சரி ஐயா?

பதில்: உங்கள் மகன் சொல்வதே சரி. இந்த இதழில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த விடையைப் படித்துவிட்டு அந்தத் தாங்கிகளைப் பற்றி முடிவெடுங்கள்.

சாய்ந்த படகை நிமிர்த்துவது, மேலே சொன்ன விற்சுருளைப் போன்ற ஒரு விசை. அதன் வலிமை, கப்பற்காரர்கள் ஜீ.எம். என்று சொல்லும் ஓர் உயரத்தைப் பொறுத்தது. படகு சற்றுச் சாயும்போது, தண்ணீர் அதை மேலே தாங்கும் விசையின் கோடு படகின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். படகின் பாரமையத்திலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு மேலே இருக்கிறதோ, அதுதான் ஜீ.எம். பாரத்தைக் கூரைக்கு ஏற்றினால் பாரமையம் மேலே போகும், ஜீ.எம். குறையும், நிமிர்த்தும் விசை தளர்ந்துபோகும். தளர்ந்த விற்சுருள் மெதுவாகத்தான் ஆடும். உங்கள் ஆட்களுக்குக் கிடைத்த சுகம் அந்தத் தளர்ச்சியிலிருந்து வந்தது.

அளவு தெரிய ஓர் எளிய கணக்கு உண்டு. படகின் அகலத்தை மீற்றரில் எடுத்து, 0.8ஆல் பெருக்கி, ஜீ.எம்.மின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை செக்கன் ஆகும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். 4 மீற்றர் அகலமுள்ள படகு ஒன்றில் ஜீ.எம். 0.64 மீற்றர் ஆனால், ஆட்டக் காலம் 4 செக்கன். அதே படகு 8 செக்கன் எடுக்கிறது என்றால், ஜீ.எம். 0.16 மீற்றருக்கு இறங்கிவிட்டது என்று பொருள். காலம் இரு மடங்கானால் நிமிர்த்தும் பலம் கால் பங்குதான் எஞ்சியிருக்கிறது. கூரையில் ஏற்றிய பாரம் படகின் சடத்துவத் திருப்பத்தையும், அதாவது சுழல்வதற்கு அது காட்டும் தயக்கத்தையும், சற்றுக் கூட்டுவதால், காலம் நீண்டதில் ஒரு பகுதி அதற்குச் சேரும் என்பது உண்மைதான். ஆனாலும் அதை நம்பிக் கடலுக்குப் போவது நல்லதல்ல.

மகனுக்காக இதை முனைவுகளின் மொழியிலும் எழுதிவிடுகிறேன். உருளாட்டத்துக்கு இரண்டு முனைவுகள் உண்டு. நல்ல படகில் அவை சிக்கலெண் சோடியாக, மெய்ப்பகுதி மறையாக உள்ள இடப்பக்கத்தில், மெய்யச்சுக்கு மேலும் கீழும் தொலைவில் இருக்கும். ஜீ.எம். குறையக் குறைய, அவை ஒரு நிலைக்குத்துக் கோட்டின் வழியே ஒன்றையொன்று நோக்கி வரும். கரைவலையின் இரண்டு கயிறுகளையும் இழுக்கும் இரண்டு கூட்டத்தார், வலை கிட்ட வரவரக் கரையோரமாக நடந்து நெருங்கி வருவதுபோல என்று கொள்ளலாம். மெய்யச்சில் சந்தித்த கணத்தில் ஆட்டம் முற்றாக நின்றுவிடுகிறது. பிறகு ஒன்று இடப்பக்கம் போக, மற்றது வலப்பக்கமாக உற்பத்தியை நோக்கி நகர்கிறது. ஜீ.எம். பூச்சியமாகும்போது அது உற்பத்தியில் நிற்கும். சாய்த்த படகு சாய்ந்தபடியே கிடக்கும். ஜீ.எம். மறையானால் முனைவு வலப்பக்கத்துக்குத் தாண்டிவிடும். அப்போது படகு ஒருபக்கமாகச் சரிந்துகொண்டே போய், ஒன்றில் சரிந்த நிலையில் நிற்கும், இல்லையேல் கவிழும். இந்த முழுப் பாதையிலும் ஆட்டம் கூடவே இல்லை, குறைந்துகொண்டேதான் வந்தது என்பதைக் கவனியுங்கள். கற்பனைப் பகுதி பூச்சியத்தை நோக்கிப் போவதை ஆறுதல் என்று நினைத்திருக்கும்போதே, மெய்ப்பகுதி எல்லையைக் கடக்கிறது.

ஆட்டம் தொல்லையாக இருந்தால் அதற்கு வேறு வழி உண்டு. படகின் அடிவளைவில் இருபுறமும் நீளவாக்கில் துடுப்புப் பலகைகளைப் பொருத்தினால், அவை தண்ணீரைக் கலக்கித் தணிப்பைக் கூட்டும். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் கப்பல்களின் உருளாட்டத்தையும் இந்தப் பலகைகளின் பயனையும் ஆராய்ந்தார். இவை முனைவுகளை இடப்பக்கம் தள்ளுகின்றன. நிமிர்த்தும் விசையில் கைவைப்பதில்லை.

தாங்கிகளைக் கீழே இறக்குங்கள். பாதி நிறைந்த தாங்கியிலும், படகின் அடியில் தேங்கும் ஐஸ் உருகிய தண்ணீரிலும், திரவம் சாய்ந்த பக்கத்துக்கே ஓடுவதால் ஜீ.எம். மேலும் குறையும், ஆகையால் அடித்தண்ணீரை அடிக்கடி இறைத்துவிடுங்கள். துறைமுகத்துக்குள் கடல் கண்ணாடிபோலக் கிடக்கும் ஒரு காலையில், கட்டிய கயிறுகளைத் தளர்த்திவிட்டு, இரண்டு பேர் ஒரு பக்கத்தில் ஏறி இறங்கிப் படகை ஆட்டிவிடட்டும். பத்து ஆட்டங்களுக்கு எத்தனை செக்கன் என்று கைத்தொலைபேசியில் அளந்து, சுவரில் திகதியோடு எழுதிவையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மீண்டும் அளந்துபாருங்கள். எண் கூடினால், தொழிலுக்குப் போகுமுன் காரணத்தைத் தேடுங்கள்.

கேள்வி (சீனக்குடா): மென்பொருளில் ஒரேயொரு மெய்முனைவு உள்ள வடிகட்டி ஒன்றை எழுதினேன். விடை ஒவ்வொரு தடவையும் நேராகவும் மறையாகவும் மாறி மாறித் துள்ளுகிறதே?

பதில்: உங்கள் முனைவு −0.5 என்று எழுதியிருக்கிறீர்கள். அது தொடர்ச்சியான நேரத்துக்குரிய தளத்தில் இல்லை. மாதிரி எடுத்து எடுத்துக் கணிக்கும் தளத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வோர் அடியிலும் முன்னைய பெறுமானத்தை முனைவினால் பெருக்குகிறோம்: 1, −0.5, 0.25, −0.125. மறையெண்ணால் பெருக்குவது தளத்தில் 180 பாகை திருப்புவதாகும். ஆகவே மறைப் பக்கத்து மெய்முனைவு ஒன்றே போதும், அலைவு வந்துவிடும். அத்தளத்தில் உறுதிக்கு எல்லை, ஆரை 1 உள்ள வட்டம். உங்கள் முனைவு அதற்குள் இருப்பதால் துள்ளல் அடங்கும்.

கேள்வி (தம்பலகாமம், பாடசாலை ஆசிரியர்): மாணவர்களோடு சேர்ந்து, முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கவைக்கும் பெட்டி ஒன்று செய்தோம். ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை, வெப்பநிலைக் குறைவுக்கு விகிதசமமாக மின்குமிழின் வெப்பத்தைக் கூட்டுகிறது. வெப்பநிலை 37.5 பாகை செல்சியசுக்குக் கீழேயே நின்றதால் நயத்தை, அதாவது அந்தக் குறைவை எத்தனை மடங்காக்கி வெப்பமாகக் கொடுப்பது என்ற அளவை, கூட்டினோம். இப்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. சூடாவதும் ஆறுவதும் அலைவில்லாத செயல்கள் அல்லவா?

பதில்: தனித்தனியே பார்த்தால் அலைவில்லாத செயல்கள்தாம்; வெளியீட்டை அளந்து உள்ளீட்டுக்கே திருப்பிக் கொடுக்கும் பின்னூட்டல் கொண்டு அவற்றை வளையமாகக் கட்டியதும் முனைவுகள் இடம்பெயர்ந்துவிடுகின்றன. மின்குமிழ் சூடாக நேரமாகிறது, காற்றுச் சூடாக நேரமாகிறது, உணரி அதை அறிய நேரமாகிறது. எளிமைக்காக, மூன்றுக்கும் தலா 1 நிமிட நேரமாறிலி என்று கொள்வோம். வளையம் மூடாதவரை மூன்று முனைவுகளும் −1 இல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வளையத்தின் மொத்த நயத்தை ‘ந’ என்றால், மூடிய பிறகு முனைவுகளைத் தரும் சமன்பாடு (ச + 1)³ + ந = 0. ஒரு மறையெண்ணின் கனமூலங்கள் மூன்றில் ஒன்று மட்டுமே மெய். மற்ற இரண்டும் சிக்கலெண்கள். ஆகவே நயத்தை எவ்வளவு சிறிதாக வைத்தாலும் ஒரு சிக்கலெண் சோடி பிறந்துவிடுகிறது.

ந = 1 எனின், சோடி −0.5 ± 0.87க, ஒரு சுற்றுக்குள் வீச்சம் நூற்றில் மூன்றாகச் சுருங்கிவிடுவதால் அலைவு கண்ணுக்கே தெரியாது. ந = 3 எனின், ஒவ்வொரு சுற்றிலும் வீச்சம் கால் பங்காகும். ந = 8 எனின், சோடி ±1.73க, மெய்ப்பகுதி மறைந்துவிட்டது, வெப்பநிலை 3.6 நிமிடத்துக்கு ஒருமுறை ஓயாமல் ஏறி இறங்கும். அதற்கு மேலே போனால் ஏட்டில் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். உங்கள் பெட்டியில் மின்குமிழ் முழுதாக எரிவதற்கும் முழுதாக அணைவதற்கும் அப்பால் எதுவும் செய்ய இயலாததால், ஒரு வீச்சத்தில் கட்டுப்பட்டு நிற்கிறது.

இந்த 8 என்ற எல்லையை, கனமூலம் காணாமலே கண்டுபிடிக்கலாம் என்பதை உங்கள் மாணவர்களுக்கு அவசியம் காட்டுங்கள். சமன்பாட்டை விரித்தால் ச³ + 3ச² + 3ச + (1 + ந). நடுவிலுள்ள இரு குணகங்களின் பெருக்கமான 9, கடைசி உறுப்பாகிய 1 + ந ஐவிடப் பெரிதாக இருக்கும்வரை எல்லா முனைவுகளும் இடப்பக்கத்தில் இருக்கும். நீராவி இயந்திரங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள் ஏன் ஊசலாடுகின்றன என்று கேட்டு, மூலங்களின் மெய்ப்பகுதிகள் மறையாக இருக்க வேண்டும் என்பதை 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் எழுதினார். எந்தப் படிக்குரிய சமன்பாட்டுக்கும் பொருந்தும் சோதனையை எட்வர்ட் ரௌத் கண்டறிந்து, 1877இல் அதற்காக அடம்ஸ் பரிசைப் பெற்றார். மின்காந்த அலைகளுக்காகவே நாம் நினைவுகூரும் மக்ஸ்வெல், உங்கள் முட்டைப் பெட்டிக்கும் உரியவர் என்பது மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் என்று நம்புகிறேன்.

இனிப் பரிகாரம். நயத்தைக் கூட்டியது இலக்கை எட்டுவதற்காக. ஆனால் விகிதசமக் கட்டுப்பாட்டில் குறை ஒருபோதும் முற்றாகத் தீராது, (1 + ந) இல் ஒரு பங்கு எஞ்சியே நிற்கும். அறை 28 பாகையாக இருந்து, ந = 3 எனின், பெட்டி ஏறக்குறைய 35.1 பாகையிலேயே நின்றுவிடும். ஆகவே அந்தக் குறையை நயத்தால் தீர்க்கப் பார்க்காதீர்கள். கட்டுப்பாட்டை நிறுத்திவிட்டு, மின்குமிழ் எந்த அளவில் எரிந்தால் பெட்டி தானாகவே 37.5 பாகையில் நிற்கிறது என்று கையால் கண்டுபிடியுங்கள். நிரலில் அந்த அளவை அடிப்படை வெப்பமாக வைத்து, விகிதசமக் கட்டுப்பாடு அதிலிருந்து கூட்டவோ குறைக்கவோ மட்டும் செய்யட்டும்.

நயத்துக்கு, 1942இல் சீக்லர், நிக்கல்ஸ் என்ற இருவர் வெளியிட்ட முறை இன்றும் உதவும்: அலைவு வளராமலும் தேயாமலும் நிற்கும் நயத்தைக் கண்டு, அதில் பாதியை எடுப்பது. உங்கள் பெட்டிக்கு நான் அதையும்விடச் சற்றுக் குறைத்து, மூன்றில் ஒரு பங்கை எடுக்கச் சொல்வேன். கருவுக்கு ஆட்டம் குறைவாக இருப்பது நல்லது. உணரியை ஒரு தடித்த குழாய்க்குள் வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு தாமதம் குறைந்தாலே எல்லை நயம் வெகுவாக உயரும். முட்டைகளை அடுக்குமுன் வெறும் பெட்டியை ஓர் இரவும் பகலும் ஓடவிட்டு, கதவை ஒரு நிமிடம் திறந்து மூடி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபு வரையச் சொல்லுங்கள். கோடு 37.5ஐ எத்தனை தடவை கடக்கிறது, அடுத்தடுத்த மேடுகளின் உயரம் எந்த விகிதத்தில் குறைகிறது என்பதை மாணவர்களே அளந்தால், முனைவின் இரண்டு பகுதிகளும் அந்த வரைபிலிருந்தே கிடைத்துவிடும். கிடைத்த எண்களை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.